பஞ்சத்தில் தப்பியவர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1845இல் தொடங்கிய ஐரிஷ் பஞ்சம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பசியால் விரட்டப்பட்டு அமெரிக்கா போனவர்கள் அங்கே அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களின் பக்கம் அல்லவா நின்றிருக்க வேண்டும்? 1863 நியூயார்க் கலவரத்தில் அவர்களே கறுப்பர்களைக் கொன்றார்கள் என்று அறிந்து அதிர்ந்தேன். பட்ட பாடு அதற்குள் மறந்துபோனதா?

கே.ஆர்., திருச்சி

அன்புள்ள கே.ஆர்.,

மறக்கவே இல்லை. தலைமுறைகள் கடந்தும் 1919-20இல் ஐரிஷ் விடுதலைத் தலைவர் டி வலேரா அமெரிக்காவில் கடன்பத்திரம் விற்றபோது, அயர்லாந்தின் விடுதலைக்காக 50 லட்சம் டாலருக்கு மேல் கொட்டிக்கொடுத்தார்கள். அந்த நினைவெல்லாம் பிரிட்டனுக்கு எதிரான கோபமாகவே இருந்தது. அடுத்த தெருக் கறுப்பருக்கு அதில் பங்கில்லை.

எடுத்துச்சொல்ல ஆளில்லாமலும் இல்லை. பஞ்சத்துக்கு முன்பே, 1841இல், ஐரிஷ் தலைவர் டேனியல் ஓ'கானல் உட்பட சுமார் 60,000 பேர் அயர்லாந்திலிருந்து அமெரிக்க ஐரிஷ்காரர்களுக்கு ஒரு வேண்டுகோளில் கையெழுத்திட்டார்கள்: கறுப்பர்களைச் சமமாக நடத்துங்கள், அடிமை ஒழிப்பாளர்களோடு சேருங்கள். சார்லஸ் ரெமண்ட் என்ற கறுப்பினத் தலைவர் அதைக் கடல்கடந்து கொண்டுசென்றார். நியூயார்க் பிஷப் ஜான் ஹியூஸ், அவரும் அயர்லாந்தில் பிறந்தவர்தான், அது போலியானதோ என்று முதலில் சந்தேகப்பட்டார். உண்மையே என்றாலும் வெளியிலிருந்து வந்தது என்பதால் நிராகரிப்பதே கடமை என்றார். கையெழுத்திட்டவர்களில் ஒருவரான மதுவிலக்குப் பாதிரியார் தியோபால்ட் மேத்யூ 1849இல் அமெரிக்கா வந்தபோது, அடிமைமுறையைப் பற்றி வாய்திறக்க மறுத்துவிட்டார். எனக்கு ஹியூஸைவிட இவர்மேல்தான் கோபம்.

காரணம் வயிறு என்றே நினைக்கிறேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலைக்கு இரு தரப்பும் போட்டி. ஐரிஷ்காரனுக்குக் கூடுதலாக இருந்தவை வெள்ளைத்தோலும் ஓட்டும் மட்டுமே. இரண்டையும் அவன் விடுவதாக இல்லை. 1863இல், அடிமைமுறையை ஒட்டி மூண்ட உள்நாட்டுப் போருக்காக, கட்டாய ராணுவச் சேர்ப்பு வந்தது. 300 டாலர் கட்டினால் விலக்கு. பணக்காரன் கட்டிவிட்டான். கூலிக்காரனின் ஆத்திரம் சட்டம் போட்டவர்களோடு நிற்காமல் கறுப்பர்கள்மேல் பாய்ந்தது. ஐந்தாம் அவென்யூவில் இருந்த கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லத்தைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். 200க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்வழியாக வெளியேற்றியதால் அவர்கள் பிழைத்தார்கள். (கலவரக்காரர்களிடம் அடிவாங்கிய போலீசாரிலும் ஐரிஷ்காரர்கள் ஏராளம். அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.)

ஓ'கானலின் குரல் அயர்லாந்தில் அற்றுப்போகவில்லை. 1969இல், 22 வயதில், வட அயர்லாந்து எம்.பி. பெர்னதெத் டெவ்லின் நிதி திரட்ட அமெரிக்கா போனார். அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய ஐரிஷ் அமெரிக்கர்கள் கறுப்பர்களைப் பற்றிப் பேசிய பேச்சு அவருக்குச் சகிக்கவில்லை. நியூயார்க் மேயர் அவருக்கு நகரத்தின் சாவியைக் கொடுத்துக் கௌரவித்திருந்தார். மறு ஆண்டே டெவ்லின் அந்தச் சாவியை, கறுப்பின உரிமைக்குப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சியினரிடம் சேர்ப்பித்துவிட்டார். ஐரிஷ் அமெரிக்கர்கள் பலர் கொதித்துப்போனார்கள். அவர் அலட்டிக்கொள்ளவில்லை.