மாதுளை மேல பழி போடாதீங்க

கேள்வி: கிரேக்க புராணத்துல ஒரு பொண்ணு ஆசைப்பட்டு மாதுளம்பழம் தின்னதாலதான் உலகத்துக்கே குளிர்காலம் வந்துச்சாமே? இதையெல்லாம் அந்தக் காலத்துல நிஜமாவே நம்பினாங்களா சார்?

பதில்: "ஆசைப்பட்டு"ன்னு எழுதிட்டீங்களே, அங்கதான் எனக்கு சுர்ருனு ஏறுது. யார் ஆசைப்பட்டா? பெர்செபோனி பாட்டுக்கு புல்வெளில பூப்பறிச்சுக்கிட்டிருந்தா, நார்சிஸஸ் பூவுக்கு கை நீட்டினா, பூமி பிளந்துச்சு, பாதாளத்து ராஜா ஹேடிஸ் தேர்ல வந்து கதறக் கதறத் தூக்கிட்டுப் போனான். இதுக்கு அவளைப் பெத்த அப்பன், தேவர்களுக்கே ராஜாவான ஜீயஸ் முன்னாடியே சம்மதம் கொடுத்தாச்சு. பொண்ணையும் கேக்கல, தாய் டிமீட்டரையும் கேக்கல, அவதான் பயிர் விளைய வைக்கிற தேவி. கடைசில அவளைத் திருப்பி அனுப்புறப்ப ஹேடிஸ் திருட்டுத்தனமா ஒரு மாதுளை முத்தைக் கொடுக்கிறான், "கட்டாயப்படுத்தித் தின்ன வச்சான்"னு அவளே அம்மாகிட்ட சொல்றா. ஹோமர் பேர்ல வழங்குற டிமீட்டர் துதிப்பாட்டுல இதெல்லாம் தெளிவா இருக்கு, மொத்தமே 495 வரிதான், படிக்க ஒரு சாயங்காலம் போதும்.

ஆறு முத்து தின்னா அதனால ஆறு மாசம்னு கதை சொல்றவங்களோட எனக்கு ரொம்ப நாளா சண்டை. துதிப்பாட்டுல ஒரே முத்து, வருஷத்துல மூணுல ஒரு பங்கு பாதாளத்துல, மீதி அம்மாகூட. பின்னால வந்த ரோமக் கவி ஓவிட் ஒரு நூல்ல ஏழுங்கிறார், இன்னொண்ணுல மூணுங்கிறார். ஆறு எங்கருந்து வந்துச்சுன்னு எழுதிக் கேட்டா ஒருத்தரும் பதில் போட மாட்டேங்கிறாங்க!

நிலம் தரிசானது மாதுளையால இல்லீங்க, டிமீட்டர் பண்ணின ஸ்ட்ரைக்கால. ஒன்பது நாள் சாப்பிடாம குளிக்காம ரெண்டு கையிலயும் தீப்பந்தத்தோட மகளைத் தேடினவ, உண்மை தெரிஞ்சதும் ஒரு விதையையும் முளைக்க விடல. மனுஷங்க பட்டினில செத்தா தேவர்களுக்கு யார் படையல் போடுவா, அந்தப் பயத்துலதான் ஜீயஸ் முதல்ல ஐரிஸைத் தூது அனுப்பினார், அப்புறம் ஒவ்வொரு தேவரா பரிசோட அனுப்பினார், "மகளைக் கண்ணால பாக்காம எதுவும் முளைக்காது"ன்னுட்டா அவ. சர்வ வல்லமை படைச்ச ஜீயஸையே ஒரு தாய் பணிய வச்ச கதை இது, இதைப் போய் காதல் கதையாக்கி விக்கிறாங்களே!

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் இயாம்பி. ஏதென்ஸ் பக்கத்து ஊரான எலூசிஸ்ல ராஜா கெலியோஸ் வீட்டுக்கு டிமீட்டர் கிழவி வேஷத்துல வந்து பேச்சு மூச்சில்லாம உக்காந்திருக்கா, வேலைக்காரி இயாம்பி கேலியும் கிண்டலுமா பேசி அவளைச் சிரிக்க வச்சுட்டா. என்ன ஜோக்குன்னு பாட்டுல இல்ல! பிள்ளையைத் தொலைச்ச தாயைச் சிரிக்க வச்ச ஜோக் எப்பேர்ப்பட்டதா இருந்திருக்கும், அதை விட்டுட்டாரே அந்தப் புலவர்னு இன்னிக்கும் எனக்கு ஆத்தாமையா இருக்கு. அந்தக் காலத்துல டிமீட்டருக்கும் மகளுக்கும் எடுத்த விழாவுக்கு ஏதென்ஸ்லருந்து எலூசிஸுக்கு ஊர்வலம் போறப்பவும் கெஃபிசோஸ் ஆத்துப் பாலத்துல உக்காந்து பெரிய மனுஷங்களைப் பேர் சொல்லி வாய்க்கு வந்தபடி கிண்டலடிப்பாங்க, அது வழிபாட்டுல சேர்ந்த விஷயம், ஒருத்தரும் கோவிச்சுக்கக் கூடாது.

நம்பினாங்களான்னு கேட்டீங்க. ஆயிரம் வருஷத்துக்கு மேல அந்த எலூசிஸ் விழா நடந்துச்சு, அடிமைகளும் பெண்களும்கூட தீட்சை வாங்கலாம், உள்ள நடந்ததை வெளிய சொன்னா மரண தண்டனை. ரகசியத்தை அப்படிக் காப்பாத்தினாங்க, உள்ள என்னதான் நடந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் முழுசாத் தெரியாது. நம்பாதவங்க அப்படிக் காப்பாத்துவாங்களா?

குளிர்காலம்கிறதுலயும் ஒரு வழக்கு இருக்கு. கிரேக்க நாட்டுல மழை பெய்யறதே குளிர்காலத்துலதான், இலையுதிர்காலத்துல விதைச்சு மே, ஜூன்ல அறுத்துடுவாங்க, அதுக்கப்புறம் கோடை முழுக்க வயல் காய்ஞ்சு கிடக்கும். அதனால பெர்செபோனி மறையறது கோடைலதான், அவங்கிறதே நிலத்தடில சேமிச்சு வச்ச தானியம்தான்னு ஸ்வீடன் அறிஞர் மார்ட்டின் நில்சன் வாதாடினார். விவசாயம் தெரிஞ்ச வாதம், எனக்கும் ஆசைதான். ஆனா பூமில வசந்தகாலப் பூவெல்லாம் பூக்கறப்ப நீ மேல வருவேன்னு டிமீட்டரே மகள்கிட்ட சொல்றா, அந்த வரியை நில்சனுக்காக நான் விட்டுக்கொடுக்கறதா இல்ல.