அம்மா உட்கார்ந்த முற்றம் டைல்ஸ் விளம்பரத்தில்: படம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: 1974-இல் அப்பா கட்டிய வீடு. பூசாத கான்கிரீட், செங்கல் ஜாலி, நடுவில் முற்றம். போன வருடம் லொகேஷன் ஏஜென்ட் ஒருவர் புகைப்படக்காரரை அழைத்து வந்தார். பணப் பேச்சே இல்லை, 'போர்ட்ஃபோலியோவுக்கு', அதாவது தங்கள் வேலையைக் காட்டும் தொகுப்புக்கு, என்றார்கள். வாடகைப் பிரம்பு நாற்காலி போட்டு, அம்மாவைப் பேப்பர் படிப்பதுபோல் உட்காரவைத்து எடுத்தார்கள். இப்போது அது டைல்ஸ் விளம்பரத்தில் வருகிறது. வீடு எங்களுடையது என்றால் படமும் எங்களுடையதுதானே?
– வாசகி, கோவை

பதில்: இல்லை அம்மா. வீடு உங்களுடையது, படம் புகைப்படக்காரருடையது. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-இன்படி, நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், மாறான ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் உரிமை உங்களுக்கு வந்திருக்கும். இலவசம் என்றதும் அது கைநழுவிவிட்டது.

ஆனால் அம்மாவின் முகம் புகைப்படக்காரருடையது அல்ல. ஒருவருடைய உருவத்தை அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று ஆட்டோ சங்கர் வழக்கில் 1994-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் பிடி இதுதான்.

1960-இல் லாஸ் ஏஞ்சலஸ் மலைமேல் கண்ணாடி வீட்டில் ஜூலியஸ் ஷுல்மன் எடுத்த புகழ்பெற்ற படத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்களும் அந்த வீட்டுக்காரர்கள் அல்லர். நவீன வீட்டுக்குள் 'வாழ்க்கையை' அமைத்து எடுப்பது இந்தக் கலையின் பழைய வழக்கம், அதில் தப்பில்லை. உட்கார்ந்தவரிடம் எதற்கென்று சொல்லி எழுதி வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏஜென்ட் ஏதாவது சம்மதப் படிவம் நீட்டினாரா? பத்து வீட்டுக்காரர்கள் என்னிடம் வந்தால் எட்டுப் பேர் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள். 'எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக' என்ற வரியைக் கண்டால் பேனாவைக் கீழே வையுங்கள். நீங்கள் போட்ட கையெழுத்து அம்மாவைக் கட்டாது, அவரே போட்டிருக்க வேண்டும். இனி 'பதிப்புரிமை ரிஜிஸ்டர் பண்ணித் தருகிறேன்' என்றும் ஆள் வருவார். காசு கொடுக்காதீர்கள். பதிவு செய்யாமலே பதிப்புரிமை உண்டு.

இன்னொன்று, பலரும் கோட்டைவிடும் இடம். கட்டடத்தைப் படமெடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று பிரிவு 52 சொல்கிறது. ஆகவே கட்டடக்கலைஞர் தடுக்க முடியாது. ஆனால் இந்த விலக்கு கட்டடத்துக்குத்தான், சுவரில் மாட்டிய ஓவியத்துக்கு இல்லை. சினிமாவில் ஓவியம் பின்னணியாகத் தெரிந்தால் விலக்கு உண்டு. அதே ஓவியம், அதே சுவர், ஸ்டில் கேமராவென்றால் அந்த வரியில் இடமில்லை! இதைச் சரிசெய்ய இத்தனை வருடமாக யாருக்கும் நேரமில்லை. முற்றத்துச் சுவரில் ஓவியம் தெரிகிறதா பாருங்கள். ஓவியர் உயிரோடிருந்தால் அவருக்கும் தனியாகக் கேட்கும் உரிமை உண்டு.

போலீஸில் 'சிவில் விவகாரம்' என்று திருப்பியனுப்புவார்கள். கோர்ட்டுக்குப் போனால் வாய்தா வாய்தாவாக அம்மாவுக்குத்தான் வயதாகும். அதனால் முதலில் விளம்பரத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 'போர்ட்ஃபோலியோ' என்ற வாட்ஸப் செய்தியை அழிக்காதீர்கள். அம்மா பெயரில் டைல்ஸ் நிறுவனத்துக்கும் புகைப்படக்காரருக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சுக்கு வருவார்கள்.

பேசும்போது நஷ்டஈட்டோடு, வீட்டில் எடுத்த எல்லாப் படங்களின் ஒரிஜினல் ஃபைல்களையும் கேளுங்கள். கட்டடம் போனால் படம்தான் மிஞ்சும். கட்டடக்கலைஞர் ராஜ் ரேவால் வடிவமைத்து 1972-இல் எழுந்த தில்லி கண்காட்சிக் கூடமான ஹால் ஆஃப் நேஷன்ஸை 2017-இல் இடித்தார்கள். வடிவமைத்தவர் வழக்குப் போட்டும் 2019-இல் தோற்றார். உங்கள் அப்பாவின் முற்றத்துக்கு நல்ல படங்கள் உங்கள் கையில் இருக்கட்டும்.