தாத்தாவை 1954இல் பினாங்குக்குள் ஏன் விடவில்லை?

வணக்கம் அண்ணா. 1935இல் விசா இல்லாமல் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தாத்தா, ஊருக்கு வந்துவிட்டு 1954இல் திரும்பியபோது ஏன் தடுக்கப்பட்டார் என்று கேட்டிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது.

பினாங்கை உள்ளடக்கிய மலாயாப் பகுதியில் 1933 அன்னியர் சட்டம் முக்கியமாகச் சீனர் வரவைக் குறைக்க வந்தது. இந்தியர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதால் அதில் சிக்கவில்லை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1952இன் குடிவரவுச் சட்டம் 1953 ஆகஸ்ட் 1இல் அமலுக்கு வந்தது. இந்தியர்களுக்குத் திறந்திருந்த அந்தக் கதவும் சாத்தப்பட்டது. அங்கேயே பல வருடம் உழைத்தவருக்கும் மறுநுழைவு அனுமதி கேட்டார்கள். பெரிய கொடுமை அது.

சரி, அவருடைய பழைய கடவுச்சீட்டு இருக்கிறதா? பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். மங்கிய முத்திரைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தேதி தெரியும். மறுநுழைவு அனுமதி இருந்ததா, எப்போது காலாவதியானது என்று முதலில் பாருங்கள்.