யாரோ போட்ட பதிவுக்கு அட்மின் கைதாவாரா?

கேள்வி: தாம்பரம் பக்கம் எங்கள் நகரில் 140 வீடுகள். நலச்சங்கச் செயலாளர் என்பதால் வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். தண்ணீர் லாரி, தெருவிளக்கு, நாய்த்தொல்லை என்று ஓடிக்கொண்டிருந்த குழு, தேர்தல் வந்ததும் கட்சிமேடை ஆகிவிட்டது. போன வாரம் ஒருவர், ஒரு வேட்பாளரையும் அவருடைய சாதியையும் இழிவாகப் பேசும் பதிவு ஒன்றைப் போட்டார். ‘இது உண்மையா, பாருங்க’ என்று பக்கத்து நகர்க் குழுவுக்கு அனுப்பிக் கேட்டுவிட்டு, பதிவை அழித்தேன்; ஆளையும் நீக்கினேன். இப்போது ஒரு தரப்பு ‘அட்மின் மீதுதான் புகார்’ என்கிறது. நீக்கப்பட்டவர் ‘பேச்சுரிமையைப் பறித்தீர்கள்’ என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். பொறுப்பை விட்டுவிட்டால் தப்பலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அட்மின் என்பதற்காக மட்டும் உங்கள் மீது வழக்கு நிற்காது. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021 மார்ச்சில் இதைத் தெளிவாகச் சொன்னது: பதிவு போட்டவரோடு சேர்ந்து திட்டமிட்டிருந்தால் ஒழிய, உறுப்பினரின் செயலுக்கு அட்மின் பொறுப்பில்லை. அதே ஆண்டு டிசம்பரில் நம் மதுரைக் கிளைக்கும் கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றின் அட்மின் போனார். (வக்கீல்களுக்கே இந்தக் கதி என்றால் பாருங்கள்!) அவர் வெறும் அட்மின்தான் என்று விசாரணையில் தெரிந்தால் குற்றப்பத்திரிகையிலிருந்து பெயரை நீக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. கேரள உயர் நீதிமன்றமும் 2022இல் இதே வழியில்தான் போனது.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது வேறொரு வரி. ‘பக்கத்து நகர்க் குழுவுக்கு அனுப்பிக் கேட்டேன்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கே நீங்கள் அட்மின் இல்லை, பதிவைப் பரப்பியவர். ஃபார்வர்டு செய்தவரும் அந்தச் செய்திக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று எஸ்.வி.சேகர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது. ‘உண்மையா?’ என்று கேட்டது உங்கள் நோக்கத்தைக் காட்ட உதவும்; ஆனால் அதை நீங்கள்தான் எடுத்துச் சொல்லிப் போராட வேண்டியிருக்கும். இன்றே அந்தக் குழுவில், ‘நான் அனுப்பியது சரிபார்க்கப்படாதது, யாரும் பகிர வேண்டாம்’ என்று எழுதுங்கள்.

சமூகங்களுக்கிடையே பகை மூட்டுவதைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 196ஆம் பிரிவு, மின்னணுத் தகவலையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. ஏழு ஆண்டுக்குள் வரும் குற்றம் என்பதால், பொதுவாக முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ்தான் வரும். வந்தால் தவறாமல் போங்கள். அந்த வேட்பாளர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்றால் மட்டும் கதை வேறு: வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தால் முன்ஜாமீன் சுலபமில்லை. அப்படியானால் இந்தப் பதிலோடு நிற்காமல் உடனே ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

பதிவை அழித்தது தவறில்லை. ஆனால் இனி எதையும் அழிக்காதீர்கள். போட்டவரின் எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் யாரிடமாவது இருந்தால் வாங்கி வையுங்கள். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். நாளைக்கு உங்களைக் காப்பாற்றப் போவது அந்தப் போன்தான்.

வக்கீல் நோட்டீஸைக் கண்டு பயப்படாதீர்கள். பேச்சுரிமை என்றால் உங்கள் குழுவில் பேசும் உரிமை என்று பொருளில்லை. அவர் வேறு எங்கும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பொதுக்குழு அறிவிப்பு, பராமரிப்புக் கட்டணம் எல்லாவற்றையும் அந்தக் குழுவில் மட்டும்தான் போடுகிறீர்கள் என்றால், சங்க உறுப்பினர் என்ற முறையில் தனக்குத் தகவல் மறுக்கப்பட்டதாக அவர் கேட்கலாம். அட்மின் மட்டும் எழுதும் அறிவிப்புக் குழு ஒன்றைத் தனியாகத் தொடங்கி அவரையும் அதில் சேருங்கள். அரட்டைக் குழுவில் எந்தக் கட்சிப் பதிவும் கூடாது என்று செயற்குழுவில் தீர்மானம் போட்டு, மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றுங்கள். அதை எல்லாக் கட்சிக்கும் ஒரே மாதிரி அமல்படுத்துங்கள். ஒரு கட்சியின் பதிவை மட்டும் அழித்துக்கொண்டிருந்தால், ‘சேர்ந்து திட்டமிட்டார்’ என்று சொல்ல நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

கடைசிக் கேள்விக்கு: பொறுப்பை விடுவதால் நடந்தது எதுவும் மாறாது. புகார் பேச்சு ஓடும்போது விலகினால் ஓடிவிட்டார் என்றுதான் தெருவில் பேசுவார்கள். தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டு, அடுத்த பொதுக்குழுவில் எழுத்துமூலம் ஒப்படையுங்கள்.