எங்கள் நகரில் பூங்காவுக்கு விட்ட இடம் புதர் மண்டிக் கிடக்கிறது. அதை நல்ல பூங்காவாக்க என்ன செய்யலாம்?

சென்னைக்குத் தெற்கே ஒரு புறநகரில் இருக்கிறேன். எங்கள் நகரிலும் ஐந்து கிரவுண்டு இடம் இப்படித்தான் சீமைக்கருவேலமும் குப்பையுமாகக் கிடந்தது. அதைப் பூங்காவாக்கி ஏழு வருடம் ஆகிறது. நல்லதும் கெட்டதும் பார்த்தாகிவிட்டது, அதை வைத்துச் சொல்கிறேன்.

பூங்கா என்று பேச்செடுத்ததும் எல்லோரும் வாசல் வளைவு, நீரூற்று, பச்சைப் புல்தரை என்று ஆரம்பிப்பார்கள். நீங்கள் வேறு ஒரு கேள்வியில் ஆரம்பியுங்கள்: மதியம் இரண்டு மணிக்கு அங்கே யார் உட்கார முடியும்? எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதை யாரும் கேட்கவில்லை. நாங்கள் செய்த தவறுகளில் பாதி அதனால் வந்தவைதான்.

முதலில் ஆவணம். தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இதைத்தான் ஓ.எஸ்.ஆர். நிலம் என்கிறார்கள். உங்கள் லேஅவுட் வரைபடத்தின் அங்கீகார எண்ணை வைத்து, தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வில்லங்கச் சான்று போட்டாலே தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். பத்திரம் பதிவாகாமல் வரைபடத்தில் மட்டும் 'பூங்கா' என்று இருந்தால், சுற்றுச்சுவரை விட அந்தப் பதிவுதான் அவசரம். எங்கள் இடத்தில் ஒரு மூலையில் யாரோ ஷெட் போட்டு, அதற்கு மின் இணைப்பும் வாங்கிவிட்டார்கள். அதை எடுக்க வைக்கவே எங்களுக்கு ஒன்றரை வருடம் போயிற்று.

பணத்துக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. தொண்ணூறுகளில் வந்த திட்டம், 2021-ல் மறுபடி தொடங்கினார்கள். மக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: வசூலாகும் பணம் முழுவதையும் கட்டுமானத்தில் கொட்டிவிடாமல், தண்ணீருக்கும் தோட்டக்காரர் சம்பளத்துக்கும் மூன்று வருடத்துக்கு எடுத்து வையுங்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு சந்தா கேட்டுப் போனால் கதவைத் திறக்க மாட்டார்கள்.

அடுத்தது மண். எங்களுக்கு விழுந்த பெரிய அடி இதில்தான். இடம் பள்ளமாக இருக்கிறது என்று ஒப்பந்தக்காரர் லாரி லாரியாகக் கொட்டி மேடாக்கினார். மேலே அரையடிக்குச் செம்மண், பார்க்க அழகாக இருந்தது. நாற்பது கன்று வைத்தோம். சித்திரை தாண்டுவதற்குள் முப்பதுக்கு மேல் காய்ந்துவிட்டது. தண்ணீர் ஊற்றாமல் இல்லை, தினமும் ஊற்றினோம். காய்ந்த புங்கன் ஒன்றைப் பிடுங்கி அந்தக் குழியில் கடப்பாரையைப் போட்டேன், டங்கென்று சத்தம். ஓட்டுச் சில்லு, சிமென்ட் கட்டி, உடைந்த டைல்ஸ், பாதி கழிவறைக் கோப்பை. வீடு இடித்த குப்பையைக் கொட்டி மூடியிருக்கிறார்கள். வேர் அரையடி இறங்கி, அதற்கு மேல் போக வழியில்லாமல் சுருண்டு நின்றிருந்தது. அந்த வேரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்றும் எனக்கு வலிக்கிறது.

அப்புறம் மறுபடி மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம் என்று குழி வெட்டி, இடிபாட்டை வெளியே அள்ளி, செம்மண்ணும் தொழு உரமும் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் போட்டு நட்டோம். அவை நிற்கின்றன. ஆகவே மண் கொட்டும் நாளில் சங்கத்தில் ஒருவராவது அங்கே நாற்காலி போட்டு உட்காருங்கள். உண்மையில் எங்கள் பள்ளத்தை மேடாக்கியிருக்கவே வேண்டாம். மழைநீர் இயல்பாகப் போய்ச் சேரும் மூலையை அப்படியே ஒரு சிறு குட்டையாக விட்டிருந்தால் தெருவில் தண்ணீர் நிற்பதும் குறைந்திருக்கும், சுற்றியுள்ள கிணறுகளிலும் ஊறியிருக்கும்.

மரத்தைப் பற்றி எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. புங்கன், வேம்பு, பூவரசு, நாவல், மகிழம், இலுப்பை. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது எங்கள் பழைய தெருவில் மயில்கொன்றையும் தூங்குமூஞ்சி மரமும் வேரோடு சாய்ந்தன, வேம்புக்குக் கிளைதான் முறிந்தது. சீக்கிரம் வளரும் என்று கோனோகார்பஸைக் கொண்டுவந்து நீட்டுவார்கள், வாங்காதீர்கள். குஜராத் 2023-லும் தமிழ்நாடு 2025-லும் அதற்குத் தடை போட்டுவிட்டன. கொரியன் புல்லும் வேண்டாம். அது குடிக்கிற தண்ணீரில் பத்து மரத்தை வளர்க்கலாம், அதன் மேல் 'மிதிக்காதீர்' என்று பலகை வேறு வைக்க வேண்டிவரும்.

விளையாட்டுச் சாமான் வாங்குவது சுலபம், அதை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துகிறோம் என்பதுதான் விஷயம். எங்கள் சறுக்குமரத்தை மேற்குப் பார்த்து நட்டுவிட்டார்கள். பள்ளி விட்டு நாலரை மணிக்கு வரும் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தகட்டில் ஊற்றிவிட்டுத்தான் சறுக்குவார்கள், அவ்வளவு சூடு. பிறகு பெயர்த்து, பூவரசுக்குக் கிழக்கே வைத்தோம். இப்போது அந்த நேரத்துக்கு மரநிழல் தகட்டின் மேல் விழுகிறது.

பெண் பிள்ளைகளை மறக்காதீர்கள். பத்து வயது வரை ஊஞ்சலுக்கு ஓடி வந்தவர்கள் அதற்கு மேல் காணாமல் போனார்கள். நடு இடம் முழுக்கப் பையன்களின் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. பிறகுதான் படித்தேன், வியன்னா நகரத்தில் 1990-களிலேயே இதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அங்கேயும் பத்து வயதை ஒட்டித்தான் பெண் பிள்ளைகள் பூங்காவை விட்டு விலகியிருக்கிறார்கள். பெரிய திடலைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்து, வேறு விளையாட்டுகளுக்கும் இடம் கொடுத்து, 1999-ல் சில பூங்காக்களைத் திருத்தினார்கள், பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். நாங்களும் ஒரு ஓரத்தில் பூப்பந்துக்கு வலை கட்டி, பக்கத்திலேயே வட்டமாகத் திண்ணை போட்டோம். இப்போது மாலையில் அந்தத் திண்ணையில் இடம் கிடைப்பதில்லை. கழிவறையும் கட்டாயம். அது இல்லாத பூங்காவில் பெண்களும் வயதானவர்களும் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டார்கள். பெஞ்சுக்குச் சாய்மானமும் கைப்பிடியும் வையுங்கள், முழங்கால் வலிக்காரர்கள் அதைப் பிடித்துத்தான் எழுந்திருக்க வேண்டும்.

நல்ல பூங்கா ஒன்றைப் பார்த்துக் கற்க வேண்டும் என்றால் மயிலாப்பூர் லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். சுமார் நாலு ஏக்கர்தான். அமிர்தாஞ்சன் நிறுவனர் பெயரில் இருக்கிறது, ஒரு தனியார் நிறுவனம் பராமரிக்கிறது. மைக் இல்லாமல் கர்நாடகக் கச்சேரி நடந்த இடம். அங்கே எதுவும் பிரம்மாண்டம் இல்லை. பெரிய மரம், நடைபாதை, உட்கார இடம், அவ்வளவுதான்.

கடைசியாக, பூட்டு. ஊர் வழக்கப்படி நாங்களும் காலை பத்து மணிக்குப் பூட்டி மாலை நாலு மணிக்குத் திறந்தோம். ஒரு வைகாசி மதியம் நான் வெளியே போய்விட்டு வரும்போது, எங்கள் தெருவில் நாலு வீட்டில் வேலை செய்யும் அக்கா பூங்காச் சுவரை ஒட்டி, ஒரு கார் நிழலில் தரையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். தலைக்கு மேலே உள்ளிருந்து நீண்ட புங்கங்கிளை. "உள்ள போய் உக்காரலாமேக்கா" என்றேன். "பூட்டியிருக்கேம்மா, பாக்கறதுக்குத்தான் பார்க்கு" என்றார்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். கண்டவர்கள் வந்து படுப்பார்கள் என்றார்கள். படுக்கட்டும், நிழல் அதற்குத்தானே என்றேன். ஒரு மாதம் திறந்து பார்ப்போம் என்று முடிவாயிற்று. நாலு வருடமாகத் திறந்தே இருக்கிறது. மதியத்தில் டெலிவரி பையன்கள், பெயிண்டர்கள், தேர்வுக்குப் படிக்கிற இரண்டு பெண்கள் என்று ஆள் இருப்பதால் செடி திருட்டும் குறைந்துவிட்டது.

உங்கள் இடத்தில் வரைபடம் போடும் முன் ஒரு வாரம், வெவ்வேறு நேரத்தில் போய் நின்று வெயில் எந்தப் பக்கம் வருகிறது, யார் குறுக்கே நடக்கிறார்கள் என்று பாருங்கள். குழி வெட்டுவதை ஆடியில் ஆரம்பித்தால், வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில் கன்றை நட்டுவிடலாம்.