ஸ்விஃப்ட் கோடு இல்லாத கிளைக்கு வெளிநாட்டுப் பணம் வருமா?

தாராளமாக வரும். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் ஸ்விஃப்ட் கோடு கேட்கிறார், பாஸ்புக்கில் ஐஎஃப்எஸ்சிதான் இருக்கிறது என்கிறீர்கள். ஐஎஃப்எஸ்சி உள்நாட்டுப் பரிமாற்றத்துக்கு. வெளிநாட்டுப் பரிமாற்றத்தில் வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் கோடு 8 அல்லது 11 இடம் கொண்டது. ஸ்டேட் பாங்கின் ‘எஸ்பிஐஎன் ஐஎன் பிபி’யில் (SBININBB) முதல் நான்கு எழுத்து வங்கி, அடுத்த இரண்டு இந்தியா, கடைசி இரண்டு ஊர். கிளைக்கென்று தனிக் கோடு இருந்தால் இன்னும் மூன்று சேரும்.

பல சின்னக் கிளைகளுக்கு அது கிடையாது. அந்நியச் செலாவணி பார்க்கும் கிளையின் கோடோ தலைமையகக் கோடோ போதும். எது என்று உங்கள் கிளையிலேயே கேளுங்கள், இணையத்தில் கண்டதை நம்ப வேண்டாம். கூடவே கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, பாஸ்புக்கில் உள்ளபடியே பெயர் (இனிஷியல் உட்பட) அனுப்புங்கள். ஐபேன் (பல வெளிநாடுகளில் பயன்படும் சர்வதேசக் கணக்கு எண்) கேட்டால், இந்தியாவில் அது கிடையாது என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், நடுவில் இருக்கும் வங்கி கட்டணம் பிடித்தால் தொகை கொஞ்சம் குறைந்துதான் வரும்.