ரெண்டாங்: குழம்பா, வறுவலா? (கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. இங்கே கிடைக்கும் ரெண்டாங் என்ற இறைச்சிப் பதார்த்தத்தைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அது சமைக்கும் முறையின் பெயர் என்கிறார் உடன் வேலை செய்யும் சுமத்ராக்காரர். ஹரி ராயா (நோன்புப் பெருநாள்) பலகாரம், அவ்வளவுதான் என்கிறார்கள் மலாய் நண்பர்கள். பழைய மலாய் அகராதியில் ‘வறுத்தல்’ என்று போட்டிருக்கிறது. தட்டில் பார்த்தால் கெட்டிக் குழம்பு. இங்குள்ள தமிழர் ஒருவரோ அது நம் ‘இரண்டாம்’தான், மறுநாள் இரண்டாம் முறை சூடாக்கித் தின்பதால் வந்த பெயர் என்று அடித்துச் சொல்கிறார். எது சரி? பலாக்காயில் செய்ததையும் ரெண்டாங் என்று விற்கிறார்களே, அது செல்லுமா?

க.

அன்புள்ள க.,

‘இரண்டாமை’ முதலில் தள்ளிவிடலாம். நம் கறியும் அப்பமும் கடையும் மலாயில் இருக்கின்றன, அந்தப் பெருமை போதும். ரெண்டாங் இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவில் வாழும் மினாங்கபாவ் மக்களுடைய பதார்த்தம். அவர்கள் வாயில் அது ‘ரண்டாங்’, அப்படிச் சமைப்பது ‘மரண்டாங்’. ஆக உங்கள் சுமத்ரா நண்பர் சொல்வது சரி.

அகராதியும் பொய் சொல்லவில்லை. சடசடவென்று வெடிக்கும் துப்பாக்கிச் சத்தத்தை ‘பெர்தே டிரெண்டாங்’ போல என்பது மலாயில் பழைய வழக்கு. பெர்தே என்றால் நெற்பொரி. அங்கே குழம்புக்கு ஏது இடம்? வறுபடும் நெல்தான்.

அப்படியானால் குழம்பு எங்கிருந்து வந்தது? அடுப்புப் பக்கம் நின்றால் புரியும். இறைச்சியை மிளகாய், இஞ்சி, பேரரத்தை, எலுமிச்சைப் புல், மஞ்சள் இலையோடு நிறையத் தேங்காய்ப்பாலில் போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். நீர்க்க இருக்கும்வரை அது ‘குலாய்’. வற்றிப் பழுப்பேறினால் ‘காலியோ’. கடைகளில் ரெண்டாங் என்று நம் தட்டில் விழுவது பல நேரம் இதுதான். பால் திரிந்து எண்ணெய் பிரிவதை மலாய்ச் சமையலில் ‘பெச்சா மிஞ்ஞாக்’ என்பார்கள். நாம் ‘எண்ணெய் பிரிந்து வந்ததும் இறக்கவும்’ என்று முடிக்கும் இடத்தில் அவர்களுக்குப் பாதி வேலைதான் ஆகியிருக்கும். தண்ணீர் வற்றிப்போன சட்டியில் களபுளச் சத்தம் அடங்கி, சொய்ங் என்று வேறு சத்தம் கிளம்பும். இறைச்சி தன் தேங்காயெண்ணெயிலேயே வறுபடுகிறது. கறுக்கும்வரை அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தால் ரெண்டாங். ஈரம் போய்விடுவதால் நாள்பட இருக்கும். பிழைப்புத் தேடி ஊரைவிட்டுக் கிளம்பும் மினாங்கபாவ் இளைஞர்களுக்குக் கட்டுச்சோறாக வந்தது அதனால்தான்.

மலேசியாவில் வறுத்து இடித்த தேங்காயை (கெரிசிக்) சேர்த்துக் கெட்டியாக்குகிறார்கள். ருசிதான், ஆனால் கடைசிக் கட்ட வறுவலுக்குப் பலர் காத்திருப்பதில்லை. உங்கள் தட்டில் குழம்பு மிஞ்சுவது அதனால் இருக்கலாம்.

2018-ல் பிரிட்டனின் மாஸ்டர்செஃப் நிகழ்ச்சியில் மலேசியாவில் பிறந்த ஸலேஹா காதிர் ஓல்பின் கோழி ரெண்டாங் வைத்தபோது, தோல் மொறுமொறுப்பாக இல்லை என்றார் ஒரு நடுவர். எதற்கும் ஒத்துப்போகாத மலேசியாவும் இந்தோனேசியாவும் அன்று சேர்ந்து சிரித்தன. வறுப்பது என்று பொருள் இருக்கிறதே, நடுவர் பக்கமும் நியாயம் உண்டா என்றால், இல்லை. இங்கே வறுபடுவது மசாலாவில் ஊறி மெத்தென்று ஆன இறைச்சி. மொறுமொறு ரெண்டாங் வேண்டுமானால் அவர் மேற்குச் சுமத்ராவின் பாயாகும்பு ஊருக்குப் போக வேண்டும். அங்கே முட்டையை மெல்லிசாகப் பொரித்து, நொறுக்கி, ரெண்டாங் மசாலாவில் புரட்டித் தருகிறார்கள்.

இன்னொன்று: யாராவது ‘போக்கோ ரெண்டாங்’ என்றால் கறி காய்க்கும் மரம் என்று எண்ணிவிடாதீர்கள். கிளை பரப்பி நிழல் தரும் மரத்தையும் அப்படிச் சொல்வார்கள்.

பலாக்காய் ரெண்டாங் தாராளமாகச் செல்லும். மினாங்கபாவ் மக்கள் குடியேறிய மலேசிய மாநிலமான நெகிரி செம்பிலானில் ‘மாமான்’ கீரையிலேயே ரெண்டாங் செய்கிறார்கள். அது நம் நல்வேளைதான். வீட்டில் செய்தால் தேங்காய்ப்பாலை முதலில் தனியாகக் காய்ச்சி, எண்ணெய் தெரியத் தொடங்கியதும் பலாக்காயைப் போடுங்கள். முதலிலேயே போட்டால், வறுபடும் கட்டம் வருவதற்குள் குழைந்துவிடும்.